பன்னிரண்டு மில்லிமீற்றர் தோல்

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம், எங்கள் பிரிவில் இப்போது படவரைஞராக இருக்கும் தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிஸ், நீங்க வரைஞ்ச காட்டுக்கத்தி உறையில தையல் பக்கம் பன்னிரண்டு மில்லிமீற்றர் விட்டிருக்கீங்க. பக்கத்துல 'குறைக்க வேண்டாம்'னு சிவப்புல எழுதி, ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க. இப்ப தோலுக்குப் பதிலா பிளாஸ்டிக்ல செய்யலாம்னு பேசுறாங்க. ஏழாக்கினா என்ன ஆகும்?"

"ஏழாக்கினா ஒரு மனுசனோட தொடையில எட்டுத் தையல் போடணும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "அதை எழுதித் தாங்களேன் மிஸ், பைல்ல போடணும்" என்றாள். பைலில் போடத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால், இதை எந்தப் பைலில் போடுவார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

பிறந்தது மாத்தளை. கண்டியில் இரண்டு வருடம் படவரைவு படித்தேன். பிறகு முப்பத்தொரு வருடம் மாத்தளையிலேயே, விவசாயக் கருவிகளை வடிவமைக்கும் ஒரு சின்ன அரசாங்கப் பிரிவில் வேலை. மூன்று அறை, பின்னால் ஒரு பலாமரம், அவ்வளவுதான் கந்தோர். மண்வெட்டிப் பிடி, மருந்துத் தாங்கியின் தோள்வார், மிளகு உதிர்க்கும் பொறியின் மூடி என்று வரைந்துகொண்டிருந்தேன். நான் சைவம். போஞ்சிக்காயைவிட வலுவான எதையும் கத்தியால் வெட்டிய அனுபவம் எனக்குக் கிடையாது. காட்டில் ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றும் கத்தியை வரையும் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம், மற்றப் படவரைஞர் அன்று லீவு.

எங்கள் பிரிவுக்குப் பொறியியலாளர் மகேந்திரராஜா சேர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உயரமான மனிதர். சித்திரை வெயிலிலும் கழுத்துப்பட்டியோடுதான் வருவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, பென்சில் முனையை ஒரு கோட்டின்மேல் வைத்து, "ஏன்?" என்பார். சரியான பதில் சொன்னால் பென்சில் அடுத்த கோட்டுக்குப் போகும். "வழக்கமா அப்படித்தாங்க சேர்" என்று சொன்னால், வரைபடத்தை நாலாக மடித்து உங்கள் கையில் தந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். ஒருமுறை வரைபடத்தைச் சுற்றிப் போடும் கட்டத்தின் கோட்டிலேயே பென்சிலை வைத்துவிட்டார். அன்று பின்னேரம் வரை யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

கத்தி வேண்டும் என்று கேட்டது லக்கலவில் வேலை செய்த கள உத்தியோகத்தர் திலகரத்ன. பல்லேகமவுக்கு அப்பால் உள்ள சின்னக் குளங்களையும் வாய்க்கால்களையும் அளப்பது அவருடைய வேலை. பஸ் போகும் இடம்வரை பஸ். அதற்குப் பிறகு நடை. பாதையில் யானை நின்றால் அது போகும்வரை மரத்தில் இருக்க வேண்டும். தொலைபேசிக்கு சிக்னல் கிடையாது. அவர் சிங்களத்தில் எழுதிய கடிதம் மூன்றே வரி: கயிறு வெட்ட, தடி சீவ, அடிபட்டால் துணி கிழிக்க, இடுப்பில் நிற்கிற மாதிரி ஒரு நல்ல கத்தி. ஆறு பேருக்கு ஆறு.

அந்த மூன்று வரிக்கு ஒரு குழு அமைத்தார்கள். ஐந்து பேர். ஒவ்வொருவரும் ஒரு தேவையைச் சேர்த்தார்கள். டின் திறக்க வேண்டும். விசில் வேண்டும். பிடிக்குள் நெருப்புப்பெட்டி வைக்க இடம் வேண்டும். இருட்டிலும் குளத்தை அளக்க வசதியாகக் கத்தியின் முதுகில் சென்ரிமீற்றர் அளவு பொறித்திருக்க வேண்டும். கடைசி ஆள், "ஆயுதம்போலத் தோன்றக்கூடாது" என்றார்.

எல்லாவற்றையும் வைத்து மரத்தில் ஒரு மாதிரி செய்தேன். மேசையில் நிறுத்தினால் தானாக நின்றது. தேத்தண்ணி கொண்டுவந்த செல்லம்மா அக்கா, "யாரு வீட்டு விசேஷத்துக்கு மிஸ் குத்துவிளக்கு?" என்று கேட்டார்.

சேர் அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பகுதியிலும் பென்சிலை வைத்தார். விசில், ஏன்? யானைக்குப் பக்கத்தில் நின்று விசில் ஊதுகிற ஆள் யார்? நெருப்புப்பெட்டி, ஏன்? சட்டைப்பை எதற்கு? பதில் இல்லாத ஒவ்வொன்றையும் நான் கழற்றிக் கழற்றி மேசையில் வைத்தேன். கடைசியில் ஒரு கத்தி மிச்சமிருந்தது.

ஆயுதம்போலத் தோன்றுமா என்ற விஷயத்துக்கு மட்டும் குழு ஒரு சோதனை வைத்தது. செல்லம்மா அக்காவை உள்ளே கூப்பிட்டு, மாதிரியைக் காட்டி, "இது என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டார்கள்.

"கத்தி மாதிரி இருக்குங்க" என்றார் அவர்.

'கத்திபோலத் தோன்றுகிறது, ஆயுதம்போல அல்ல' என்று கூட்டக் குறிப்பில் எழுதி, ஐந்து பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

அலகுக்கு எஃகு, தம்புள்ளையில் மரக்கறி ஏற்றும் ஒரு பழைய லொறியின் ஸ்பிரிங் தகடு. எங்கள் பட்டறையில் வெட்டி, கிரைண்டரில் தேய்த்து வடிவம் எடுத்தோம். நாலு மில்லிமீற்றர் தடிப்பு, முப்பத்திரண்டு அகலம். உலையில் போட்டுக் காந்தம் ஒட்டாத நிலைவரை சூடாக்கி, தேங்காய் எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். சரிந்தால் அலகு வளைந்துவிடும். எண்ணெயிலிருந்து எடுத்ததும் அரத்தால் இழுத்துப் பார்ப்போம். அரம் கடிக்காமல் வழுக்கினால் இறுகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த நிலையில் கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும். திரும்ப மெல்லிய சூட்டில் ஒரு மணித்தியாலம் வைத்து, ஆறவிட்டு, இன்னொரு மணித்தியாலம் வைத்தால்தான் பதமாகும். அந்தச் சூடு எங்கள் உலையில் நிற்கவில்லை. ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும்.

சேர் ஊரெல்லாம் வெப்பமானியோடு அலைந்து கடைசியில் ஒரு பேக்கரியின் போறணை அடுப்பைக் கண்டுபிடித்தார். பாண் எடுத்த பிறகு பனிஸ் வைக்கும்போது இருக்கும் சூடு, எங்களுக்குத் தேவையான அதே சூடு. காலை பத்து மணிக்கு ஆறு கத்தியும் ஒரு தட்டில், பனிஸ் இன்னொரு தட்டில் உள்ளே போயின. சேர் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு போறணை வாசலில் குந்தியிருந்தார். பனிஸ் வாங்க வந்தவர்கள் அவரைப் பேக்கரியின் புது முதலாளி என்று நினைத்து வணக்கம் சொன்னார்கள். அலகுகள் காய்ந்த வைக்கோல் நிறத்தில் வெளியே வந்தன. சேர் பைலில், 'பனிஸ் வெப்பநிலையில் இரண்டு முறை' என்று எழுதினார். அதற்கு விளக்கம் கேட்டுக் குழு அனுப்பிய கடிதத்துக்கு இணைப்பாக இரண்டு பனிஸ் அனுப்பினார்.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் நான் செய்த காரியம் வருகிறது.

கத்தி வருவதற்கு முன்னமே கத்தி வைக்கும் அலுமாரி வந்துவிட்டது. இரும்பு அலுமாரி. உள்ளே வரிசையாகத் தட்டுகள், அவற்றில் சின்னச் சின்ன அறைகள். உண்மையில் அது ரப்பர் முத்திரைகள் வைக்கச் செய்தது. ஒவ்வொரு அறையும் நாற்பத்தைந்து மில்லிமீற்றர் அகலம். 'உறையுடன் கூடிய கத்தி அலுமாரியின் அறைக்குள் அடங்க வேண்டும்' என்று குழு ஒரு விதியை எழுதியது.

உறை தைத்தவர் நிஸ்தார் நானா. மாத்தளை டவுனில் பாடசாலைப் பைகளும் இடுப்புப் பட்டிகளும் தைக்கிற கடைக்காரர். உறை என்பது மடித்த தோல். ஒரு பக்கம் மடிப்பு, மறுபக்கம் தையல். கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, தையல் பக்கம்தான் இருக்கும். ஆகவே இரண்டு தோலுக்கும் நடுவில், தையல் ஓடும் நீளம் முழுக்க, இன்னொரு தோல் துண்டு வைக்க வேண்டும். நிஸ்தார் நானா அதை நடுப்பட்டி என்பார். கத்தியின் வாய் அந்தப் பட்டியில் முட்டி நிற்கும், நூலைத் தொடாது. நடுப்பட்டிக்கும் தையலுக்குமாகப் பன்னிரண்டு மில்லிமீற்றர் விட்டேன். மொத்த அகலம் ஐம்பது. அலுமாரியின் அறை நாற்பத்தைந்து.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நடுப்பட்டியை எடுத்துவிட்டுப் பன்னிரண்டை ஏழாக்கினேன்.

நிஸ்தார் நானா வரைபடத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ், இது சரிவராது. நடுப்பட்டி இல்லாட்டி கத்திட வாய் நூலத் தின்னும். போடப் போட, எடுக்க எடுக்கத் தின்னும். கூடினா நாலு மாசம்."

"அலுமாரிக்குள்ள போகணுமே நானா."

"கத்தி அலுமாரிக்கா மிஸ், மனுசனுக்கா?"

"வரைபடத்துல உள்ளபடி தைங்க நானா" என்றேன். தைத்தார்.

கையெழுத்துக்காக வரைபடத்தைச் சேரிடம் கொண்டுபோனேன். பென்சில் நேராக அந்த ஏழில் வந்து நின்றது.

"ஏன் ஏழு?"

"நிஸ்தார் நானா போதும்னு சொன்னாருங்க சேர்."

முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. கைவேலைக்காரனின் சொல்லுக்கு மேல் அவர் கேள்வி கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் சொன்னேன். பென்சில் அடுத்த கோட்டுக்குப் போனது.

நிஸ்தார் நானா சொன்ன கணக்கில் ஒரு வாரம்தான் பிழை. ஐந்தாவது மாதத்து முதல் வாரத்தில் செய்தி வந்தது. பல்லேகமவுக்கு அப்பால் ஒரு குளக்கட்டில் திலகரத்னவின் முன்னால் யானை. அவர் மரத்தில் ஏறி ஒன்றரை மணித்தியாலம் இருந்திருக்கிறார். யானை போன பிறகு சறுக்கி இறங்கும்போது உறை மரத்துக்கும் தொடைக்கும் நடுவில் நசிந்திருக்கிறது. ஏற்கெனவே பாதி தின்னப்பட்ட நூல் மொத்தமாக விட்டுப்போய், கத்தியின் வாய் வலது தொடையில் இறங்கியது. அவர் அதே கத்தியை உருவி, குளம் அளக்கும் துணி நாடாவில் இரண்டு மீற்றர் வெட்டி, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு தடி சீவி ஊன்றிக்கொண்டு பாதைக்கு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் எட்டுத் தையல்.

அறிக்கையில் அவரே எழுதியிருந்தார்: 'கத்தி மிக நன்றாக வெட்டுகிறது. மூன்று முறையும்.'

குழு உடனே கூடியது. முதல் விடயம் திலகரத்னவின் தொடை என்று நினைத்தேன். இல்லை, அளவு நாடா. அரசாங்க நாடாவை வெட்ட அனுமதி கொடுத்தது யார் என்று ஒரு மணித்தியாலம் பேசினார்கள். முடிவில், நாடாவைத் தொடர்ந்து பாவிக்கலாம், ஆனால் எல்லா அளவும் இரண்டு மீற்றரில் இருந்து தொடங்குவதாகக் கொள்ள வேண்டும் என்று தீர்மானமானது. தொடை இரண்டாவது விடயம். 'உறை தைத்தவரின் கவனக்குறைவு' என்று எழுதப் போனார்கள்.

சேர் என்னைப் பார்த்தார். வேறு ஒன்றுமில்லை, கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான், அதனால் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தேன்.

"அப்படி எழுத முடியாதுங்க" என்றேன். "நிஸ்தார் நானா வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் அவர் போதும்னு சொன்னதா சேர்கிட்ட பொய் சொன்னேன்."

சேர் கேட்டார்:

"ஏன்?"

"அலுமாரிங்க சேர்."

அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். வெறும் அறைகள். ஆறு கத்தியும் ஆறு பேரின் இடுப்பில் இருந்தன. வழங்கிய நாளிலிருந்து ஒரு கத்திகூட அந்த அலுமாரிக்குள் போனதில்லை. சேர் அதை மூடினார்.

"என்ரை கையெழுத்தும் அதிலை கிடக்கு" என்று குழுவிடம் சொன்னார். "நிஸ்தாரை நான் ஒருக்கா நேரே கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. ரெண்டு பேற்றை பேரையும் எழுதுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீர் நாளைக்கு லக்கலவுக்குப் போய் அந்த மனுசனைப் பாரும். மற்ற அஞ்சு உறையையும் அப்பிடியே வாங்கிக்கொண்டு வாரும்."

போனேன். திலகரத்னவின் மனைவி வாசலிலேயே நின்றார். என் சிங்களம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அன்று வாயில் வரவில்லை. உறையை வரைந்தது நான்தான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் உள்ளே போய் நூல் விட்ட உறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். தோலில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"எங்க வீட்டு அரிவாளுக்கு உறையே இல்ல" என்றார். "பத்து வருஷமா யாரையும் அது வெட்டல."

திலகரத்ன கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "கத்தியக் கொண்டுபோக வந்தீங்களா?" என்று மட்டும் பயந்து கேட்டார். விசாரணைக்குக் கத்தி வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அவர் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்தார். உறை இல்லாமல்.

அவருடைய கத்தியை எடுக்கவில்லை; மற்ற ஐந்தையும் உறையோடு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து வரைந்தேன். நடுப்பட்டி, பன்னிரண்டு மில்லிமீற்றர், நூல் தோலுக்குள் அமிழ்ந்து ஓட ஒரு பள்ளம், சிவப்பு எழுத்து. இந்த முறை சேர் என்னையும் வரைபடத்தையும் கூட்டிக்கொண்டு நிஸ்தார் நானாவின் கடைக்கே போய், ஒவ்வொரு கோட்டையும் அவரிடம் கேட்டார். நானா தோலை நனைத்து, கத்தியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து, எலும்புத் துண்டால் அழுத்தி அழுத்தி உருவம் எடுத்துக் காயவிட்டார். காய்ந்ததும் கத்தி உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டது. பொத்தான் இல்லை, வார் இல்லை. தலைகீழாகப் பிடித்து ஆட்டினாலும் விழவில்லை.

"கையாலை ஆட்டினது கணக்கில்லை" என்றார் சேர். "ஆள் பாயவேணும். ஆள் தலைகீழாத் தொங்கவேணும்."

பாய்ந்தது நான். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. சேலைக்கு மேல் இடுப்புப் பட்டியைக் கட்டி, உறையை மாட்டி, மேசையில் ஏறி நாற்பது தடவை குதித்தேன். செல்லம்மா அக்கா எண்ணினார். பன்னிரண்டாவதில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு வந்து, "எங்க விட்டோம்?" என்று கேட்டு, ஐந்திலிருந்து தொடங்கினார். கத்தி அசையவில்லை.

தொங்குவதற்கு நான் தயாராக இருந்தேன். சேர் விடவில்லை. "சேலையோடையா? விசர்க்கதை. கையெழுத்து வைச்சவன் நான்." நிஸ்தார் நானாவும் கந்தோர் டிரைவரும் சேரின் கால்களில் கோணிப்பை சுற்றி, கயிறு கட்டி, பலாமரக் கிளையில் ஏற்றினார்கள். கழுத்துப்பட்டி முகத்தில் விழுந்தது. அதை வாயால் ஊதித் தள்ளிவிட்டு, "நேரம் பாரும் மிஸ். பத்து நிமிஷம்" என்றார்.

நாலாவது நிமிடத்தில் வாசலில் வாகனம் வந்து நின்றது. குழு. புதிய உறையைப் பார்க்க அறிவிக்காமல் வந்திருந்தார்கள். ஐந்து பேரும் பின்பக்கம் வந்து, பொறியியலாளர் மரத்தில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தார்கள்.

"வாங்கோ" என்றார் சேர். "தொடங்குங்கோ. எனக்கு இன்னும் ஆறு நிமிஷம் கிடக்கு."

குழுத் தலைவர் குனிந்து, கழுத்தைத் திருப்பி, சேரின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தார். முடியவில்லை. நிமிர்ந்து, மேலே தெரிந்த சேரின் சப்பாத்தைப் பார்த்துப் பேசினார்.

"மிஸ்டர் மகேந்திரராஜா, புது உறை ஐம்பது மில்லிமீற்றர். அலுமாரி நாற்பத்தைஞ்சு. விதி இருக்கே?"

"அந்த விதி ஏன்?"

"கத்தி அலுமாரிக்குள்ள இருக்கணும்தானே?"

"ஏன்?"

தலைவர் மற்ற நாலு பேரையும் பார்த்தார். ஒருவர் பலாக்காயைப் பார்த்தார். ஒருவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சேரின் முகம் பீற்றூட் நிறத்துக்கு வந்திருந்தது. பயந்துபோய் நான், "சேர், இறக்கட்டுமாங்க?" என்றேன். "பதில் வரட்டும்" என்றார்.

ஒன்பதாவது நிமிடத்தில் தலைவர், "சரி, சரி, ஐம்பதே இருக்கட்டும்! ஆளை இறக்குங்க!" என்று கத்தினார். சேர் பத்தாவது நிமிடம் முடியும்வரை இறங்கவில்லை. கத்தி கடைசிவரை விழவில்லை. இறக்கியதும் நேராக நிற்க முடியாமல் தலைவரின் தோளைத்தான் பிடித்துக்கொண்டார்.

புதிய உறைகளில் முதலாவதை நானே திலகரத்னவுக்குக் கொண்டுபோனேன். இரண்டரை மாதம் போயிருந்தது. அவர் பல்லேகம பக்கம் பஸ் தரிப்பிடத்துக்கே வந்திருந்தார், கொஞ்சம் கால் இழுத்து நடந்தார். மனைவியும் வந்திருந்தார். அதே பஸ் திரும்பும்போது நான் ஏறிவிட வேண்டும், அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

திலகரத்ன உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலை நகத்தால் கீறினார். நடுப்பட்டியை விரலால் தடவினார். துணியில் சுற்றிக் கொண்டுவந்த கத்தியை உள்ளே விட்டுத் தலைகீழாகக் குலுக்கினார். "நல்லா இருக்கு மிஸ்" என்றார். பிறகு பட்டியைக் கழற்றி உறையை மாட்டினார். இடது பக்கம்.

உறை வலது பக்கத்துக்காக வரைந்தது. இடது பக்கம் மாட்டினால் பிடி பின்னால் திரும்பி நிற்கும். அவர் உருவப் பார்த்தார். கை முதுகுப் பக்கம் வளைந்து போய்ச் சிக்கிக்கொண்டது.

"வலப்பக்கம் போடுங்க" என்றேன். "நீங்க வலது கைக்காரர்தானே?"

அவர் தொடையைப் பார்த்தார். வெட்கமாகச் சிரித்தார்.

"நான் நம்பிட்டேன் மிஸ். உறை நல்ல உறை. இந்தத் தொடைதான் இன்னும் நம்ப மாட்டேங்குது."

மனைவி சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் பஸ் திரும்பி வந்து நின்று ஹோர்ன் அடித்தது. கண்டக்டர், "மாத்தளை! மாத்தளை!" என்று என்னைப் பார்த்தே கத்தினார்.

"அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுங்க தம்பி" என்றேன். கைப்பையிலிருந்து நாடாவையும் கொப்பியையும் எடுத்தேன். திலகரத்ன புரிந்துகொண்டு, தையல்காரரிடம் நிற்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் யன்னலால் எட்டிப் பார்க்க, நான் தெருப் புழுதியில் மண்டியிட்டு அவருடைய இடது இடுப்பை அளந்தேன். நாடா நழுவியது. அவர் மனைவி வந்து பக்கத்தில் குந்தி, மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டார்.

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.